கக்குவான் கிருமி டைப்பிங் சொதப்புதா? எங்கிருந்து செக் பண்ணணும்

சாம்பிள்ல கக்குவான் இருமல் கிருமி, அதான் பொர்டெடெல்லா பெர்டுசிஸ், இருக்கா இல்லையான்னு சொல்றது ஒரு வேலை. இருக்கிறது எந்த ரகம்னு ஜீனை வெச்சு சொல்றது வேற வேலை. முதல் வேலைய நல்லா பண்ற லேப் கூட ரெண்டாவதுல வந்து மாட்டிக்கும். வடசென்னையில லேப்ல உக்காந்து இதையே பாத்துட்டு இருக்கிறதால பசங்க போன் பண்ணி கேக்குறதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், அக்கா பேண்ட் வரல, அக்கா ரெண்டு பீக் வருது, அக்கா எல்லாமே ஒரே டைப்பா வருதுன்னு (பேண்ட்னா ஜெல்ல தெரியுற டிஎன்ஏ கோடு, பீக்னா மெஷின் கிராஃப்ல தெரியுற முனை). அதான் ஒரே இடத்துல எழுதிடலாம்னு. உங்க அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, காசு செலவில்லாத செக் முதல்ல இருக்கும், பெரிய செலவு கடைசியில.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. டைப்பிங் ரிசல்ட்டுக்காக எந்தக் குழந்தையோட வைத்தியமும் காத்திருக்கக் கூடாது. சாம்பிள் குடுக்க வந்த அம்மா "இருமி இருமி மூஞ்சி நீலமா போவுது மேடம்", "நடுவுல மூச்சே நின்னுடுது"ன்னு சொன்னா, அதுவும் கைக்குழந்தைன்னா, ஸ்வாப் எல்லாம் அப்புறம், உடனே எமர்ஜென்சிக்கு அனுப்புங்க, இல்ல 108க்கு அடிங்க. ரொம்ப சின்னக் குழந்தைங்களுக்கு அந்த கூவுற சத்தமே வராது, மூச்சு நிக்கிறது மட்டும்தான் தெரியும், சத்தம் இல்லையேன்னு அசால்ட்டா விட்டுடாதீங்க.

அறிகுறி: ஐஎஸ்481 நல்ல பாசிட்டிவ், ஆனா டைப்பிங் ஜீன் ஒண்ணு கூட வரல

அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதனால இங்க கொஞ்சம் நிதானமா பாப்போம்.

முதல் செக், ஐஎஸ்481 (கிருமி இருக்கான்னு பாக்க பிசிஆர்ல தேடுற டிஎன்ஏ துண்டு) சிடி என்னன்னு பாருங்க. சிடின்னா எத்தனாவது சைக்கிள்ல சிக்னல் தெரிஞ்சதுன்ற நம்பர், அது கம்மின்னா டிஎன்ஏ அதிகம். பாசிட்டிவ்ன்ற வார்த்தைய பாக்காதீங்க, நம்பரை பாருங்க. ஐஎஸ்481 இந்தக் கிருமியோட ஜீனோம்ல 200க்கு மேல காப்பி இருக்கு, டைப்பிங்குக்கு நாம எடுக்கிற பிடிஎக்ஸ்பி, பிடிஎக்ஸ்ஏ (ரெண்டும் கிருமியோட நச்சு சம்பந்தப்பட்டது), பிஆர்என் (பெர்டாக்டின்ன்ற புரதத்தோட ஜீன்), ஃபிம்3 (கிருமி மேல இருக்கிற இழையோட ஜீன்) எல்லாம் ஒவ்வொரு காப்பிதான். 200 காப்பின்னா பிசிஆர் கணக்குல ஏழரை சைக்கிள் வித்தியாசம். அப்ப ஐஎஸ்481 22ல வந்தா பிடிஎக்ஸ்பி 30 கிட்ட வரும், சீக்வென்ஸ் பண்ற அளவுக்கு பேண்ட் கிடைக்கும். ஐஎஸ்481 34ல வந்திருந்தா பிடிஎக்ஸ்பி 41, 42 ஆகணும், அது வரவே வராது, என்சைமை மாத்தினாலும் வராது பிரைமரை மாத்தினாலும் வராது, ஏன்னா அந்த ட்யூப்ல அந்த ஜீன் இருக்கிறதே சந்தேகம். நான் வெச்சிருக்கிற கணக்கு இதுதான்: 25க்கு கீழ இருந்தா நேரா டைப்பிங் போடலாம், 25லேர்ந்து 30 வரைக்கும் நெஸ்டட் பிசிஆர் (ரெண்டு ரவுண்டு பிசிஆர்) போட்டுப் பாக்கலாம், 30க்கு மேல போச்சுன்னா ரீயேஜென்ட்டை வீணாக்காம "கிருமி இருக்கு, டைப் ஆகல"ன்னு எழுதிடுங்க. அப்படி எழுதுறதுக்கு யாரும் கூச்சப்படவே கூடாது. அரைகுறை ரீடை வெச்சு ஊகத்துல ஒரு டைப் எழுதினா அது லிஸ்ட்ல ஏறி, அப்புறம் யாரோ அதை எண்ணி, இந்த வருஷம் இந்த ரகம் ஏறிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. டைப் ஆகாத சாம்பிளால யாருக்கும் கெடுதல் இல்ல, தப்பான டைப்பால இருக்கு.

சிடி நல்லா இருந்தும் வரலன்னா அடுத்தது தடுப்புப் பொருள். டிஎன்ஏவை 1:10 தண்ணி கலந்து திரும்பப் போடுங்க, கூடவே மனுஷ ஜீன் கன்ட்ரோலும் ஓட்டுங்க. கலந்த பிறகு நல்லா வந்தா சளியிலயோ ஸ்வாப்லயோ பிரச்சனை. ஸ்வாப் குச்சிய கேட்டு வாங்கிப் பாருங்க. கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாப் பிசிஆரை கெடுக்கும், பஞ்சுக் குச்சி கல்ச்சர்ல கிருமிய வளர விடாது. நைனியப்ப நாயக்கன் தெருவுல கட்டு கட்டா சல்லிசா கிடைக்குதேன்னு பஞ்சு ஸ்வாப் வாங்கி வெச்சிருக்கிற கிளினிக் நம்ம பக்கம் இன்னும் இருக்கு, அவங்க கிட்ட பாலியஸ்டர் இல்லன்னா நைலான் ஃப்ளாக்டு ஸ்வாப்தான் வேணும்னு கறாரா சொல்லிடுங்க. மூக்குத் துவாரத்துல வாசல்லயே துடைச்சுட்டு குடுக்கிறதும் நடக்கும். இது மூக்குக்குப் பின்னாடி தொண்டை சேர்ற இடம் வரைக்கும் போய் எடுக்க வேண்டிய சாம்பிள், எடுக்கிற சிஸ்டருக்கு ஒரு தடவை நேர்ல போய் காட்டிட்டு வந்தா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுடும்.

அதுவும் சரியா இருந்தா ஜிசி, அதாவது டிஎன்ஏல ஜி, சி எழுத்து எவ்வளவுன்றது. இந்தக் கிருமியோட ஜீனோம்ல கிட்டத்தட்ட 68 சதவீதம் ஜிசி, சாதா பிசிஆர் மிக்ஸ் திணறும். டீநேச்சரேஷனை (டிஎன்ஏ இழை பிரியுற சூடு) 98 டிகிரிக்கு ஏத்துங்க (உங்க என்சைம் தாங்குமான்னு பாத்துட்டு), 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேருங்க, சேத்தா அனீலிங்கை (பிரைமர் ஒட்டுற சூடு) ஒரு மூணு டிகிரி குறைங்க. இதுக்கும் மசியலன்னாதான் ஜிசிக்குன்னே விக்கிற பாலிமரேஸ் வாங்குற பேச்சு.

கடைசியா, இது பெர்டுசிஸே இல்லாம இருக்கலாம். பொர்டெடெல்லா ஹோல்மீசைலயும் ஐஎஸ்481 இருக்கு, காப்பி கம்மி, எட்டு பத்துதான், ஆனா பாசிட்டிவ் காட்ட அது போதும். அதுல பிடிஎக்ஸ் ஜீன் கிடையாது, அதனால டைப்பிங் எத்தனை தடவை போட்டாலும் வராது. ஹோல்மீசைக்கான ஹெச்ஐஎஸ்1001 டார்கெட் ஒண்ணு ஓட்டினா தெரிஞ்சுடும். அந்த பிரைமர் கைல இல்லன்னா இந்த இடத்துல நிறுத்திட்டு ரெஃபரன்ஸ் லேபுக்கு அனுப்புங்க.

அறிகுறி: பிளேட்ல எதுவுமே வளரல

எத்தனாவது நாள்னு பாருங்க. மூணு நாலு நாளுக்கு முன்னாடி இந்தக் கிருமி கண்ணுக்கே தெரியாது, பத்து பன்னெண்டு நாள் வெச்சிருக்கணும். மத்த பிளேட் எல்லாம் ரெண்டு நாள்ல தூக்கிப் போடுற பழக்கத்துல இதையும் சேத்து ஆட்டோகிளேவ்ல போட்டுடுவாங்க, டப்பா மேல தேதியும் "தொடாதே"ன்னும் பெருசா எழுதி வைங்க.

அடுத்தது காய்ச்சல். பிளேட் காய்ச்சலை சொல்றேன். இன்குபேட்டர்ல இத்தனை நாள் இருந்தா அகர் சுருங்கி ஓரம் தூக்கிடும். மூடி போட்ட டப்பாவுல ஈரப் பஞ்சு வெச்சு அதுக்குள்ள பிளேட்டை வைங்க, 35லேர்ந்து 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு தேவையில்ல.

அடுத்தது சாம்பிள் வந்த கதை. எண்ணூர்லேர்ந்தோ திருவொற்றியூர்லேர்ந்தோ வர்ற சாம்பிள் கன்டெய்னர் லாரி க்யூவுல மாட்டி வெயில்லயே மதியம் வரைக்கும் நின்னுச்சுன்னா கல்ச்சருக்கு அது போச்சு, டிஎன்ஏ மட்டும் மிஞ்சும். ரீகன்-லோ டிரான்ஸ்போர்ட் மீடியத்துல போட்டு 24 மணி நேரத்துக்குள்ள வந்தாகணும், முடிஞ்சா சாம்பிள் எடுக்கிற இடத்துலயே பிளேட்ல தேச்சு அனுப்பச் சொல்லுங்க.

மருந்து கேளுங்க. "எம்மா, கடையில எதுனா சிரப் வாங்கிக் குடுத்தியாம்மா?"ன்னு கேட்டா முதல்ல இல்லன்னுதான் சொல்வாங்க, பாட்டில் கலரை சொல்லிக் கேட்டா "ஆமா மேடம், அந்த வெள்ளை மருந்து அஞ்சு நாள் குடுத்தேன்"னு வரும். அசித்ரோமைசின் கோர்ஸ் முடிஞ்ச குழந்தைக்கு கல்ச்சர் வராது. இருமல் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் தாண்டினாலும் கல்ச்சர் வாய்ப்பு சட்டுன்னு குறையும், பிசிஆருக்கு மூணு நாலு வாரம் வரைக்கும் நம்பிக்கை இருக்கு.

இதுக்கு மேல மீடியம் மாத்தணும். ரீகன்-லோ சார்கோல் அகர்ல குதிரை ரத்தம் 10 சதவீதம்னு புக்ல இருக்கும், கிடைக்கலன்னா ஆட்டு ரத்தமும் வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு பேட்ச்சையும் தெரிஞ்ச ஸ்ட்ரெய்ன் ஒண்ணு போட்டு வளருதான்னு பாத்துட்டுதான் பேஷன்ட் சாம்பிள் போடணும்.

அறிகுறி: ஏதோ வளருது, ஆனா அது இதுதானா?

ஒரு நாள், ரெண்டு நாள்லயே கொத்தா வந்துட்டா அது பெர்டுசிஸ் இல்ல. பிளேட்ல மத்த கிருமிய அடக்கப் போடுற ஆன்டிபயாடிக், செஃபலெக்சின், செத்துப் போச்சுன்னு அர்த்தம், லிட்டருக்கு 40 மில்லிகிராம் போட்டிருந்தாலும் பிளேட் பழசானா பவர் போயிடும், புது பேட்ச் ஊத்துங்க. சரியான காலனி சின்னதா, பளபளன்னு, பாதரசச் சொட்டு மாதிரி இருக்கும், லைட்டுக்கு சாய்ச்சுப் புடிச்சாதான் கண்ணுல படும். ஆக்சிடேஸ் போடுங்க, பெர்டுசிஸ் பாசிட்டிவ், பாராபெர்டுசிஸும் ஹோல்மீசையும் நெகட்டிவ். இந்த ஒரு ஸ்ட்ரிப் செலவு பண்ணாம நேரா சீக்வென்ஸிங்குக்கு அனுப்பி காசை கரியாக்குறாங்க. உறுதியானதும் முதல் பேசேஜ்லயே கிளிசரால்ல போட்டு மைனஸ் 80ல வெச்சுடுங்க, பிளேட் மாத்தி பிளேட் மாத்தி வளத்துட்டே இருந்தா கிருமி மாறும்.

அறிகுறி: நெகட்டிவ் கன்ட்ரோலும் பாசிட்டிவ், இல்ல திடீர்னு எல்லா சாம்பிளும் லேசா பாசிட்டிவ்

நெகட்டிவ் கன்ட்ரோல் (கிருமி டிஎன்ஏ போடாத ட்யூப்) பாசிட்டிவ் வந்துட்டா அந்த ரன் முழுக்க கேன்சல், பேரம் பேச இதுல ஒண்ணும் இல்ல. தண்ணி, மிக்ஸ், பிரைமர்னு ஒவ்வொண்ணா புதுசு மாத்தி எதுல கலந்திருக்குன்னு பாருங்க. நெஸ்டட் பண்ற லேப்ல ரெண்டாவது ரவுண்டு ட்யூபை திறக்கிற மேசையும் மிக்ஸ் கலக்குற மேசையும் ஒண்ணா இருந்தா காரணத்தை வேற எங்கயும் தேட வேணாம்.

நெகட்டிவ் கன்ட்ரோல் சுத்தமா இருக்கு, ஆனா ஒரே கிளினிக்லேர்ந்து வந்த சாம்பிள் எல்லாம் 35க்கு மேல சிடியோட பாசிட்டிவ்னா, என்னைக்கு எடுத்த சாம்பிள்னு பாருங்க. புதன்கிழமையா? தமிழ்நாட்டுல அன்னைக்குத்தான் தடுப்பூசி நாள். பென்டாவேலன்ட்லயும் டிபிடிலயும் இருக்கிறது முழு செல் பெர்டுசிஸ், கொன்ன கிருமிதான், ஆனா டிஎன்ஏ அதுல இருக்கும். அதே மேசையில ஊசி போட்டு, ஊசி முனையில சொட்டு தெறிச்சு, அதே க்ளவுஸ் கையோட ஸ்வாப் எடுத்தா குழந்தை மூக்குல இல்லாத கிருமி ரிப்போர்ட்ல வந்துடும். செக் பண்றது சுலபம், அந்த ரூம் மேசை, கதவுப் பிடி, ஃப்ரிட்ஜ் கைப்பிடிய ஈர ஸ்வாப்ல துடைச்சு அதையும் பிசிஆர் போடுங்க. வந்துச்சுன்னா பிளீச் போட்டுத் துடைக்கச் சொல்லுங்க, ஸ்வாப் எடுக்க வேற ரூம், புது க்ளவுஸ். இதை வெச்சு யாரும் தடுப்பூசிய குறை சொல்லிடக் கூடாது, அதையும் அங்கயே தெளிவா சொல்லிட்டு வாங்க. ஊசி போடாத கைக்குழந்தைதான் இந்த இருமலுக்கு முதல் பலி.

அறிகுறி: பிஆர்என் பேண்ட் எதிர்பாத்ததை விட பெருசு, இல்ல பேண்டே இல்ல

மத்த ஜீன் எல்லாம் அழகா வந்து பிஆர்என் மட்டும் வரலன்னா திரும்ப ஒரு தடவை போடுங்க, அதுலயும் இல்லன்னா இது ஃபெயில் ஆன பிசிஆர் இல்ல, ரிசல்ட்டாவே இருக்கலாம்.

பேண்ட் சுமார் ஒரு கிலோபேஸ் (ஆயிரம் பேஸ், பேஸ்னா டிஎன்ஏ எழுத்து) மேல நிக்குதா? ஐஎஸ்481 போய் பிஆர்என் ஜீன் நடுவுல உக்காந்திருக்கு, அதோட நீளமே 1,050 பேஸ் கிட்டதான். அந்த ஸ்ட்ரெய்ன் பெர்டாக்டினை தயாரிக்காது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ்னு ஏசெல்லுலர் ஊசி போடுற நாடுகள்ல இப்படிப்பட்டது நிறைய வந்துச்சு, ஏன்னா அந்த ஊசியில இருக்கிற சில புரதங்கள்ல பெர்டாக்டினும் ஒண்ணு. நம்ம அரசு ஊசி முழு செல், பிரைவேட்ல ஏசெல்லுலரும் போடுறாங்க, அதனால குழந்தைக்கு எந்த ஊசி போட்டதுன்னு கார்டு பாத்து குறிச்சு வைங்க. பேண்டை வெட்டி ரெண்டு பக்கமும் சீக்வென்ஸ் பண்ணி ஐஎஸ் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க.

பேண்டே இல்லன்னா ஜீன் அழிஞ்சிருக்கலாம், இல்ல முன்னாடி இருக்கிற ப்ரமோட்டர் பக்கம் ஒரு பெரிய துண்டு, 22 கிலோபேஸ், தலைகீழா திரும்பியிருக்கலாம். இதை சாதா பிசிஆர்ல துரத்தாதீங்க, முழு ஜீனோம் பண்ற இடத்துக்கு அனுப்புங்க.

இன்னொண்ணு, பிஆர்என்ல ரிப்பீட் (திரும்பத் திரும்ப வர்ற துண்டு) இருக்கிற ரீஜன் 1 மட்டும் எடுக்கிற சின்ன பிரைமர் வெச்சிருந்தா மேல சொன்னதுல பலது உங்க கண்ணுல படாது. பிஆர்என்1, பிஆர்என்2 வித்தியாசத்தை அகரோஸ் ஜெல்ல பாத்து சொல்றவங்களும் இருக்காங்க, 15 பேஸ் ரிப்பீட் வித்தியாசம் அதுல கண்ணால சொல்ற விஷயமே இல்ல, சீக்வென்ஸ் பண்ணித்தான் ஆகணும்.

அறிகுறி: சீக்வென்ஸ்ல ரெண்டு ரெண்டு பீக், அல்லீல் (ஜீனோட ரகம்) சொல்ல முடியல

ஆரம்பத்துலேர்ந்தே ரெட்டையா இருந்தா பிரைமர் ரெண்டு இடத்துல ஒட்டுது, இல்ல பிசிஆர் ப்ராடக்டை சுத்தம் பண்ணாம அனுப்பியிருக்கீங்க. நடுவுல ஒரு இடத்துலேர்ந்து குழம்பினா, அதுவும் பிஆர்என்ல ரிப்பீட் பக்கம்னா, பாலிமரேஸ் வழுக்குது, எதிர்ப்பக்கத்துலேர்ந்து படிங்க. ஒரே ஒரு பேஸ்ல மட்டும் ரெண்டு பீக்னா ரெண்டு காலனி கலந்திருக்கலாம், ஒத்தைக் காலனி எடுத்துத் திரும்பப் பண்ணுங்க. பிடிஎக்ஸ்பி1க்கும் பிடிஎக்ஸ்பி3க்கும் நடுவுல, ஃபிம்3-1க்கும் ஃபிம்3-2க்கும் நடுவுல வித்தியாசமே ஒரு பேஸ்தான், அதனால ரெண்டு ஸ்ட்ராண்டும் ஒத்துப் போகாம எதையும் எழுதாதீங்க. வெளியில குடுத்து சீக்வென்ஸ் பண்றவங்க டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் வாங்காதீங்க, பீக் ஃபைலையும் கேட்டு வாங்குங்க, மெஷின் எழுதின எழுத்தை நம்பாம அந்த ஒரு பேஸை நீங்களே கண்ணால பாக்கணும்.

தெரிஞ்ச கன்ட்ரோலும் சேந்து குழம்பினா சாம்பிள்ல தப்பில்ல, கேப்பிலரி பழசாயிடுச்சு இல்ல பாலிமர் கெட்டுடுச்சு. பாலிமர் மாத்திப் பாத்தும் சரியாகலன்னா சர்வீஸ் இன்ஜினியரை கூப்பிடுங்க, நீங்களா கேப்பிலரிய கழட்டாதீங்க, செலவு ரெண்டு மடங்காகும்.

அறிகுறி: எம்எல்விஏல விஎன்டிஆர்3க்கு ரெண்டு பீக்

எம்எல்விஏன்னா விஎன்டிஆர்னு சொல்ற, ரிப்பீட் இருக்கிற இடங்களோட நீளத்தை வெச்சு ரகம் பிரிக்கிற முறை. விஎன்டிஆர்3க்கு ரெண்டு பீக் வர்றது கோளாறே இல்ல. அந்த லோகஸ் ஜீனோம்ல ரெண்டு இடத்துல இருக்கு, அதனால 3ஏ, 3பின்னு ரெண்டு நம்பர் வரும். ஒரு பீக் மட்டும் வந்தா ரெண்டும் ஒரே நீளம்னு எடுத்துக்கணும். மத்த லோகஸ்ல ரெண்டு பீக் வந்தாதான் கலப்பான்னு சந்தேகப்படணும்.

நம்பர் எல்லாம் ரெண்டு மூணு பேஸ் தள்ளித் தள்ளி வந்தா மெஷினுக்கு மெஷின், பாலிமருக்கு பாலிமர் இருக்கிற வித்தியாசம். டைப் தெரிஞ்ச ஸ்ட்ரெய்ன் ஒண்ணை ஒவ்வொரு ரன்லயும் ஓட்டி அதை வெச்சு திருத்துங்க. விஎன்டிஆர்3ல ஒரு ரிப்பீட்டே 5 பேஸ்தான், திருத்தாம விட்டா ஒரு ரிப்பீட் கூடவோ கம்மியாவோ எழுதிடுவீங்க.

அறிகுறி: எல்லா சாம்பிளும் ஒரே டைப்

எந்த முறைன்னு முதல்ல பாருங்க. ஏழு ஜீன் எம்எல்எஸ்டி (ஏழு பொது ஜீனோட சீக்வென்ஸை வெச்சு ரகம் பிரிக்கிறது) போட்டிருந்தா வியப்பே இல்ல, பெர்டுசிஸ் அதுல ஒண்ணு ரெண்டு டைப்புக்குள்ளயே அடங்கிடும், இந்த வேலைக்கு அது உதவாது. ஆன்டிஜென் ஜீன் வெச்சுப் பாத்தாலும் உலகத்துல நிறைய இடத்துல பிடிஎக்ஸ்பி3, பிடிஎக்ஸ்ஏ1, பிஆர்என்2தான் இப்ப மேல நிக்குது. அதனால கொருக்குப்பேட்டையில ஒரே தெருவுல ரெண்டு குழந்தைக்கு ஒரே டைப் வந்தா ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வந்துச்சுன்னு அதை வெச்சு எழுதக் கூடாது. எம்எல்விஏ சேருங்க, அதுக்கும் மேல வேணும்னா கோர் ஜீனோம் எம்எல்எஸ்டி (அதே முறைய ஜீனோம் முழுக்க இருக்கிற பொது ஜீன்ல பண்றது), அதுக்கு முழு ஜீனோம் செலவு.

ஆனா எல்லாமே பிடிஎக்ஸ்பி1, பிடிஎக்ஸ்ஏ2, பிஆர்என்1னு வந்தா நில்லுங்க. நீங்க கன்ட்ரோலுக்கு வெச்சிருக்கிற டோஹாமா 1, அதான் ஜப்பான்ல எடுத்த பழைய ஸ்ட்ரெய்ன், அதோட டைப்பும் இதேதான். கன்ட்ரோல் டிஎன்ஏ உங்க சாம்பிள்ல கலந்திருக்கான்னு பாக்காம ரிப்போர்ட் வெளிய போகக் கூடாது. கன்ட்ரோலே வைக்காம வேற நாள்ல, வேற பைப்பெட்ல, சாம்பிள் டிஎன்ஏவ முதல்லேர்ந்து எடுத்துப் போடுங்க, அப்பவும் அதே வந்தா நம்பலாம்.

அறிகுறி: முழு ஜீனோம் போட்டா நூத்துக்கணக்கான துண்டா வருது

சின்ன ரீட் (மெஷின் ஒரு தடவையில படிக்கிற துண்டு) வெச்சு போட்டா அப்படித்தான் வரும், ரன் கெடல. ஐஎஸ்481 ஒவ்வொண்ணும் ரீடை விட நீளம், அதனால ஒவ்வொரு காப்பிலயும் அசெம்பிளி (ரீடை எல்லாம் ஒட்டி ஜீனோமா சேக்கிறது) அறுந்துடும். அல்லீல் பாக்கவும் டோஹாமா 1 மேல மேப் பண்ணி எஸ்என்பி (ஒரு பேஸ் வித்தியாசம்) எடுக்கவும் இது போதும், ஐஎஸ் இடங்களை மட்டும் மறைச்சுடுங்க. பிஆர்என் ரெண்டு துண்டுல பாதி பாதியா கிடந்தா மேல சொன்ன ஐஎஸ் செருகலை நினைச்சுக்குங்க. ஜீனோம் எப்படி புரண்டிருக்குன்னு தெரியணும்னாதான் லாங் ரீடுக்கு காசு போடணும்.

அறிகுறி: 23எஸ்ல 2047வது இடத்துல ஏக்கு பதிலா ஜி

மருந்து குடுத்தும் கிருமி போகலன்னு டாக்டர் சொல்லி 23எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீனையும் (மேக்ரோலைடு வகை மருந்து ஒட்டுற இடத்தோட ஜீன்) நீங்க பாத்திருந்தா, இந்த மாத்தம் வந்துச்சுன்னா அசித்ரோமைசின் உட்பட மேக்ரோலைடு வேலை செய்யாது. 1994ல அமெரிக்காவுல அரிசோனாவுல முதல்ல பாத்தது, இப்ப சீனாவுல பரவலா இருக்கு. இந்த ஜீன் மூணு காப்பி, அதனால அந்த இடத்துல கலப்பு பீக் வந்தாலும் ஒதுக்காதீங்க. டைப்பிங் ரிசல்ட்லயே போன் பண்ணி சொல்ல வேண்டியது இது ஒண்ணுதான். ரெண்டாவது தடவை போட்டு பாத்துட்டு, அச்சடிச்ச ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம, பாக்குற குழந்தை டாக்டருக்கு அன்னைக்கே சொல்லுங்க, மாத்து மருந்து எதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும், ரெண்டு மாசத்துக்கு கீழ இருக்கிற குழந்தைக்கு எல்லா மருந்தும் ஆகாது. மாநகராட்சி சுகாதாரத் துறைக்கும் தகவல் போகணும், வீட்ல இருக்கிற மத்தவங்களுக்கும் அதே மருந்தைத்தான் தடுப்புக்குக் குடுத்திருப்பாங்க. கல்ச்சர் உயிரோட இருந்தா மூணு லேயர் பேக்கிங்ல, சார்கோல் ஸ்லான்ட்ல போட்டு, பேசேஜ் நம்பர், சிடி, ஊசி கார்டு விவரம், குடுத்த மருந்து எல்லாம் எழுதி ரெஃபரன்ஸ் லேபுக்கு அனுப்புங்க, ஒரு வயல் உங்க மைனஸ் 80லயும் இருக்கட்டும்.